ரெயின்போ மீனும் இரண்டு குடம் கடல் தண்ணீரும்

எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த மீன் எதுவும் மறுநாள் உயிரோடு இருந்ததில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். மீன் ஆய்ந்திருக்கிறேன், உப்புப் போட்டுக் காயவைத்திருக்கிறேன், கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றிருக்கிறேன். நாற்பத்து நான்கு வயது வரைக்கும் ஒரு மீனுக்கு ஒரு வாய் தீனி போட்டதில்லை. அப்படிப்பட்டவள் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் செடி நட்டு, விரல் நீளத்துக்கு எட்டு மீன்களை வளர்க்கக் கிளம்பினால் குப்பம் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. இன்னமும் கொஞ்சம் பேர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது. கூடை சுமந்து முதுகு போன பிறகு, பொன்னேரியில் ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். விலங்கியல் படிப்பு நடக்கிற பக்கம் என் பொறுப்பு. அங்கே ஓர் அறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்றப் போகிறோம், காலி பண்ணு என்றார்கள். பாட்டில் பாட்டிலாக மருந்தில் ஊறிக் கிடந்த பாம்பு, தவளை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. மூலையில் கண்ணாடித் தொட்டி மட்டும் பாக்கி. அதில் நெத்திலியைவிடச் சற்றுப் பெரிதாக எட்டு மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன, ரெயின்போ மீன் என்பார்கள். இரண்டு வருடமாக அந்தத் தொட்டியின் வெளிக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பதை மீன் என்று கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. தின்ன முடியாதது என்ன மீன்?

அந்தப் பாடம் எடுக்கும் மேடம் சொன்னார்: "தண்ணியை இறைச்சு ஊத்திட்டு, தொட்டியைப் பழைய சாமான் ரூம்ல போட்டுடுங்கம்மா."

"மீனு மேடம்?"

"யாரும் கேக்கலையே. நானும் ரெண்டு மூணு பேரைக் கேட்டுப் பார்த்துட்டேன்."

வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வெயில் தண்ணீரில் விழுந்தது. ஒரு மீன் திரும்பியது. அதுவரை சாம்பலாகத் தெரிந்த உடம்பில் தலையிலிருந்து வால் வரைக்கும் நீலம் ஓடியது. துடுப்பின் ஓரம் ரத்தச் சிவப்பு. லட்சம் மீன் பார்த்த கண் என்னுடையது. செத்த மீனின் நிறம் எத்தனை மணிக்கு எப்படி மாறும் என்று கேட்டால் சொல்வேன். இந்த நீலம் உயிர் இருந்தால் மட்டும் இருக்கிற நிறம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"நான் இட்டுனு போட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் பெஞ்ச் தூக்கிக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார். "எட்டு மீன்ல குழம்பு ஒரு கரண்டிகூட வராதும்மா." எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. குப்பத்துக்காரி என்றால் கையில் எப்போதும் அரிவாள்மணைதானா?

"ஒரு வருசம் கழிச்சி வந்து பாருங்க. இந்த எட்டும் என் வூட்ல உசுரோட கீதா இல்லையானு அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், மீன் என்ன தின்னும் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

மூடி போட்ட பெயின்ட் வாளியில் மீன்களை எடுத்துக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூடியைப் பார்த்ததுமே, "மீனா? நாத்தம் அடிக்கும், பின்னால போம்மா" என்றார். "உசுரோட கீது, நாறாது" என்றேன். அந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாமே இது, கவலை மீன் குஞ்சா?"

"வளக்கப் போறேன்."

"வளத்து?"

"வளத்துக்கினே இருப்பேன்."

அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பீடி வலை மேல் விழுந்து, அதை அணைக்க அவரே எழுந்து குதிக்க வேண்டியதாயிற்று. "மீன் வளக்கறதுக்குனு சாமி ஒரு பக்கம் ஏரிய வச்சிகீது, ஒரு பக்கம் கடல வச்சிகீது. நடுவுல நீ ஒருத்தி வேற வளக்கப் போறியா?" என்றார். நல்ல மனிதர். ஏரியில் இறாலும் மடவையும் பிடிப்பவர். அவருக்குத் தெரிந்த அத்தனை மீனும் வலைக்கு வரவேண்டியவை, அவ்வளவுதான்.

தொட்டி இரண்டு நாள் கழித்து மீன் ஏற்றும் வண்டியில் வந்து சேர்ந்தது. மணலை ஏழு முறை அலசிப் பரப்பினேன். மேடம் கொடுத்த வேலம்பாசியையும், நாடா மாதிரி நீண்டு வளரும் ஒரு செடியையும், கல்லில் கட்டி வைக்கும் பாசிக்கொத்தையும் நட்டேன். செடி நடுவது எனக்குப் பிடித்திருந்தது. கை தண்ணீருக்குள் இருக்கும், மீன் விரல்களுக்கு நடுவே புகுந்து போகும். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதனால் நாங்கள் குடிக்கிற கேன் தண்ணீரையே தொட்டிக்கும் ஊற்றினேன். வீட்டில் இருப்பதிலேயே உசத்தியான தண்ணீர் அதுதானே!

ஒரே மாதத்தில் செடிகள் மஞ்சளடித்தன. மீன்கள் வெளிறி, மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒதுங்கின. மேடமிடம் போய் நின்றேன். "கேன் தண்ணில ஒண்ணும் இருக்காதும்மா. இருக்கிற சத்தை எல்லாம் வடிச்சிட்டுத்தான் விக்கிறாங்க. மீனுக்கும் செடிக்கும் கொஞ்சம் உரமான தண்ணி வேணும்" என்றார். அதற்கப்புறம் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாசனை போக ஒரு நாள் திறந்து வைத்து, கேன் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். வாரம் ஒரு முறை கால்வாசி மாற்றுவேன். செடி நிமிர்ந்தது. நாடாச் செடி மணலுக்கு அடியில் வேர் விட்டுத் தள்ளித்தள்ளிக் குட்டி போட்டது. மீன்களின் நீலம் திரும்பி வந்தது.

காலையில் விளக்குப் போட்டதும் ஆண் மீன்கள் இரண்டிரண்டாக முகத்துக்கு முகம் நின்று துடுப்பை விரித்துக் காட்டும். சண்டை போடாது, விரித்துக் காட்டும், அவ்வளவுதான். நம் ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி. அதை நின்று பார்த்துவிட்டு நான் ஏழரை பஸ்ஸைப் பல நாள் விட்டிருக்கிறேன். குதித்துவிடும் மீன் என்று மேடம் சொன்னதால், பழைய வலைத்துண்டு ஒன்றைத் தொட்டிக்கு மேலே கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வலைய மேல கட்டி மீன உள்ள வச்சிகிறா பாரு" என்று ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும். எட்டும் எட்டாகவே இருந்தன. எனக்கு அது போதும்.

ஐந்தாவது மாதம். மாசி வெயில் ஆரம்பித்திருந்தது. காற்று சரியில்லை என்று அன்றைக்கு வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகவில்லை. நான் கல்லூரியில். மதியம் கரண்ட் போயிருக்கிறது, மூன்று நான்கு மணி நேரம் வரவில்லை. தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் நின்றுபோய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கின்றன. அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால்கூட இன்னும் ஒன்றிரண்டு பிழைத்திருக்காதா என்று அப்புறம் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன். ஒரு சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றியிருந்தாலே போதும், எட்டும் பிழைத்திருக்கும்.

அவர் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால் எங்கள் ஏரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் இடத்தை முகத்துவாரம் என்போம். மணல் வந்து அது அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் கெட்டுப்போகும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்போது ஆம்பிளைகள் எல்லாரும் போய் மண்வெட்டியால் மணலை வெட்டி வாய்க்கால் எடுப்பார்கள். கடல் உள்ளே வரும். வந்த உடனே ஏரிக்கு மூச்சு வந்துவிடும், மீன் கீழே இறங்கிவிடும். என் வீட்டுக்காரர் இளந்தாரியாக இருந்த நாளிலிருந்து அந்த வேலைக்குப் போகிறவர். மூச்சு முட்டுகிற மீனுக்கு மருந்து என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

அவர் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் கடலுக்கு ஓடியிருக்கிறார். தொட்டியிலிருந்து இரண்டு குடம் இறைத்துவிட்டு, இரண்டு குடம் கடல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

நான் வந்தபோது அவர் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "மேல வந்துகினு கெடந்துச்சி. கடல் தண்ணி கொண்டாந்து உட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும் பாரு" என்றார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. மூன்று மீன்கள் அடியில் படுத்துக் கிடந்தன. மற்றவை சாய்ந்து சாய்ந்து நீந்தின. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நான் என்ன கத்தினேன் என்பதை முழுதாக எழுத முடியாது. அச்சில் ஏறுகிற பேச்சில்லை. "உன் ஏரி புத்திய ஏரியோட வச்சிக்கோ! ஏன்யா என் தொட்டில கைய வச்ச?" என்றது மட்டும் எழுதலாம். சொம்பு ஒன்று பறந்து சுவரில் பட்டு நசுங்கியது, இன்றைக்கும் அந்த நசுங்கல் இருக்கிறது. மீன்களை வாரிப் பக்கெட்டில் விட்டேன். இருந்த நல்ல தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஐந்து போய்விட்டன. மிச்சம் மூன்று, இரண்டு ஆண், ஒரு பெண். செடிகள் அந்த வாரம் முழுக்கக் கூழாகக் கரைந்தன.

செத்த மீன் எங்கள் வீட்டில் ஒன்று சட்டிக்குப் போகும், இல்லை பூனைக்குப் போகும். பூனை வாசலில் வந்து உட்கார்ந்தும்விட்டது. அதைத் துரத்திவிட்டு வீட்டுக்குப் பின்னால் மணலைத் தோண்டி ஐந்தையும் புதைத்தேன். எங்கள் குப்பத்தில் மீனைப் புதைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் நெஞ்சு முட்ட இருந்தது.

அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவரும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஆம்பிளைகளுக்கு அந்த வார்த்தை வராது. தொட்டிப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போனார்.

மேடமிடம் போய் உண்மையைச் சொன்னேன். சவால் விட்டவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது லேசில்லை. குழம்புப் பேச்சு மறுபடி வந்தால் வேலையை விட்டே போய்விடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் சிரிக்கவில்லை. "பொம்பள மீன் ஒண்ணு இருக்குதுல்ல?" என்று கேட்டார். "இருக்குது." "அது தினமும் காலையில முட்டை போட்டுட்டுத்தான் இருக்கும்மா. பாசியில போடும், அதுங்களே தின்னுடும். முட்டையை எடுத்துத் தனியா வச்சீங்கன்னா குஞ்சு வரும். ஆனா அதுக்கு வயசாயிடுச்சு. இன்னும் எத்தனை நாள் போடும்னு தெரியாது."

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எட்டு மீன் என் வீட்டில் உயிரோடு இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த எட்டு இல்லை என்றால் வேறு எட்டு, என் வீட்டிலேயே பிறந்த எட்டு. கடையில் வாங்கி வந்து நிரப்பமாட்டேன். கொளத்தூர் போனால் பை பையாகக் கிடைக்கும் என்று கல்லூரியில் ஒருத்தி சொன்னாள். வாங்கி வைத்தால் அது வியாபாரம். மேடமுக்காக இனி இதில் ஒன்றும் இல்லை. என் கைக்கு வந்தால் மீன் சாகும் என்பதை நானே ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுதான் விஷயம்.

முட்டை ஒட்டிக்கொள்ள நூல் கொத்து ஒன்றைத் தொட்டியில் தொங்கவிடச் சொன்னார் மேடம். பொன்னேரியில் பச்சை உல்லன் நூல் வாங்கிக் கொத்தாகக் கட்டினேன். நனைத்துப் பார்த்தால் வாளி முழுக்கச் சாயம். தூக்கி எறிந்தேன். இன்னொரு கடையில் வேறு நூல், அதிலும் சாயம். அந்தச் சாயம் போன நூலை வாசலில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது தொட்டி மூடி மேல் ஒன்று இருந்தது. வலை பின்னுகிற மெல்லிய நைலான் நூலை ஒரு சாண் நீளத்துக்கு நூறு நூற்றைம்பது துண்டாக வெட்டி, ஒரே முடிச்சில் இறுக்கி, உச்சியில் வலையின் மிதவை ஒன்றைக் கோத்திருந்தார். முகர்ந்து பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசியிருக்கிறார், நூலில் எந்த வாசனையும் இல்லை. முப்பது வருடமாக வலை முடிகிற கை. எங்கே எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். எடுத்துத் தண்ணீரில் மிதக்க விட்டேன். நன்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

நான்காம் நாள் காலையில் அந்த நூலுக்குள் பெண் மீன் நுழைந்தது. கூடவே ஒரு ஆண் மீன் உரசிக்கொண்டு போய் உடம்பை ஒரு நடுக்கு நடுக்கியது. அவை போன பிறகு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். கசகசா அளவுக்கு, கண்ணாடி மாதிரி, ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது.

முதல் தடவை ஒன்பதில் ஏழு பொரித்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டி ஊட்டினேன். பாசத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஊட்டிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டே நாளில் தண்ணீர் நாறி ஏழும் செத்தன. இரண்டாம் தடவை முட்டைகளின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கல்லூரியில் என்னைப் பார்த்தவர்கள், "விடும்மா, மீனுக்கா இவ்ளோ பாடு" என்றார்கள். விடுவதா? கடலுக்குப் போய் இரண்டு நாள் வெறும் வலையோடு வந்தால் எங்கள் குப்பத்தில் எவனாவது படகை விற்கிறானா? மூன்றாம் நாளும் போவான். நானும் போனேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெயிலில் வைத்துப் பச்சையாக்கினேன். அந்தப் பச்சைதான் குஞ்சுக்குத் தாய்ப்பால் என்று மேடம் சொல்லியிருந்தார். முட்டை ஒட்டிய நூல்களை வெட்டி அந்த டப்பில் போட்டு, தினமும் பார்த்து, கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எறிந்தேன். பெண் மீன் மெலிந்துகொண்டே வந்தது. முதுகு வளைந்தது. ஆனாலும் காலையில் நூலுக்குள் நுழைவதை மட்டும் நிறுத்தவில்லை. "போதும், நீ ஓய்வெடு" என்று அதனிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, இன்றைக்கு எத்தனை போட்டிருக்கிறது என்று உடனே போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு சுயநலக்காரி நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. அதையும் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தேன். அப்போது அழுதேன். டப்பில் அதன் கடைசி முட்டைகள் இருந்தன. இனிமேல் அதுதான், அதைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஒன்பதாம் நாள் டப்பின் மேல்பரப்பில் கண் இமை முடியை நறுக்கிப் போட்ட மாதிரி ஏதோ அசைந்தது. எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினைந்தா பதினாறா என்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரரோடு மறுபடி பேச நேர்ந்தது. வைகாசி வெயிலில் டப்புத் தண்ணீர் வற்றிப் பாதியாகிவிட்டது. முதல் நாள் குழாயில் பிடித்துத் திறந்து வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை கேன் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றுவோம் என்று நினைத்தேன். வாளியைச் சாய்க்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து வாளியின் விளிம்பைப் பிடித்தது.

"இரு" என்றார்.

ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றினார். எங்கள் ஏரிக்காரர்கள் இப்படிச் செய்வார்கள். ஏரித் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, இறால் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போடுவார்கள். வாயில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலில் துப்பினார்.

"ஊத்தாத. இது போன வாரத் தண்ணி இல்ல. கரிக்குது."

"குழாத் தண்ணிதான்யா. நான்தானே புடிச்சேன்."

"குழாத் தண்ணிதான். ஆனா உப்பு ஏறிப்போச்சி. கோடைல அடியில கடல் உப்பு ஊறி வருதுல்ல. நீயே குடிச்சிப் பாரு."

குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், இந்த வாளித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தார், தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அந்தப் பழைய நம்பிக்கை இல்லை, பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். வாளியைக் கீழே வைத்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். கலந்து, நாக்கில் வைத்து, இன்னும் கொஞ்சம் கலந்து, மறுபடி வைத்து, "இப்ப சரியா கீது" என்ற பிறகுதான் ஊற்றினேன். நான் மட்டும் இருந்திருந்தால் அந்த இமை முடிகளுக்கு நானே இன்னொரு கடல் தண்ணீர் ஆகியிருப்பேன். இது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கோபம் அவ்வளவு சுலபத்தில் இறங்குகிற ஆள் இல்லை நான்.

அதிலிருந்து டப்பில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் அவர் நாக்கைத் தாண்டித்தான் போனது. கிட்டப் பார்வை மங்கியதால் குஞ்சுகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. "கீதா, கீதா?" என்று கேட்டுக்கொண்டே டப்பைச் சுற்றுவார். கண்ணாடி போடச் சொல்லி நான் ஐந்து வருடமாகக் கத்தியும் கேட்காத ஆள், பொன்னேரிக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். வலை முடியவா என்று கேட்டேன். "இதப் பாக்கத்தான்" என்றார்.

குஞ்சுகள் குறைந்தன. பதினாறு பதினான்காகி, பதிமூன்றாகி, ஒருநாள் பதினொன்றில் நின்றது. வளர்கிற மீனில் கொஞ்சம் போகும், பயப்படாதீங்க என்றார் மேடம். நான் பயப்பட்டேன். வீட்டுக்காரர் தொழிலுக்குப் போவது இருட்டில், குஞ்சு கண்ணுக்குத் தெரிவது வெளிச்சம் வந்த பிறகு. அதனால் தினமும் காலையில் எண்ணுவது என் வேலை. அவர் கரைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினி?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணி முடித்துவிட்டுக் கரைக்குப் போனேன். குஞ்சுகள் ஒரு நகத்தின் நீளத்துக்கு வந்திருந்தன. அன்றைக்குக் காலையில்தான் ஒன்றின் முதுகில் நீலம் ஓடியதைப் பார்த்திருந்தேன், கண்ணால் கண்டதை நம்பாமல் மூன்று முறை பார்த்தேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கரையில் பெண்கள் அன்னக்கூடையோடு நின்றிருந்தார்கள். படகு மணலைத் தொடும் முன்னாலேயே "இன்னா பட்டுச்சி, இன்னா பட்டுச்சி" என்று கேட்பது எங்கள் வழக்கம். அந்தக் கேள்விக்கு ஒரு நாள் பதில் இல்லாவிட்டால் ஆம்பிளை தலையைக் குனிந்துகொண்டு இறங்குவான்.

அவருடைய படகு வந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, படகு லேசாக மிதந்து வந்தது. ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின நாளும் ஒன்றும் இல்லை. வழக்கமாக இப்படி வந்தால் நான் ஏதாவது சுருக்கென்று சொல்லாமல் இருக்கமாட்டேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். என்னைப் பார்த்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"எத்தினிமே?"

"பதினொண்ணு!" என்று நானும் கத்தினேன். "ஒண்ணுக்கு நீலம் வந்துகீது!"

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை மறித்தாள். "இன்னாய்யா பட்டுச்சி இன்னிக்கி?"

நனைந்த வலையைத் தோளில் போட்டபடி அவர் தலை நிமிர்ந்து சொன்னார்: "பதினொண்ணு. எல்லாம் உசுரோட கீது."

அக்கா படகுக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் மேல் நான் மாசியிலிருந்து வைத்திருந்த கோபத்தை அந்த மணலிலேயே விட்டுவிட்டு, இறங்கிப் போய் வலையின் மறுமுனையைப் பிடித்தேன்.